வடிவக்கா பேசும் பொட்டல்

ஐப்பசி அடைமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், செவ்வரளிக்குளம் பால் சொசைட்டியில் நின்றிருந்த அத்தனை கேன் பாலும் சண்முகவடிவு பேசிய ஒரே பேச்சில் திரிந்துபோனது. அதற்குமுன் அந்த ஊரில் யாரும் வாய்ப்பேச்சால் பாலைத் திரியவைத்ததில்லை. என்றாலும் மத்தியானத்துக்குள் ஊர் அதை ஒப்புக்கொண்டுவிட்டது, ஏனென்றால் "வடிவு வாயத் திறந்தா பாலுந் திரிஞ்சிரும்" என்று அத்தனை வருசமும் சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். சொன்னது நடந்தால் அதில் திகைக்க என்ன இருக்கிறது.

சொசைட்டியில் வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். கொண்டுவருகிற பாலில் ஒரு கரண்டி எடுத்து மெஷினில் விட்டு, தரத்தைப் பார்த்து நம்பர் சொல்கிறவள் சண்முகவடிவு. பாலை அளந்து கேனில் ஊற்றுகிறவள் ஆவுடைத்தங்கம். மேசை போட்டு உட்கார்ந்து எழுதுகிறவர் செயலாளர் நயினார். அவர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்குக்கூட யாரிடமாவது அனுமதி கேட்கிற மாதிரி முகம் உள்ளவர். இடம் சின்ன இடம். வடிவின் முழங்கை ஆவுடையின் முழங்கையில் இடிக்கும். அந்த இடியில்தான் விடியும், அந்த இடியில்தான் சாயங்காலமும் இருட்டும்.

வடிவுக்கு யாரையும் சும்மா விடத் தெரியாது. பால் கொண்டுவருகிறவனிடம், "உன் மாடு என்ன கெணத்துக்குள்ள நின்னா கறக்கு?" என்பாள். மேலும் கீழும் பார்க்கிறவனிடம், "எம் மூஞ்சியில என்ன படமா ஓடுது?" என்பாள். ஆனால் வந்தவர்கள் ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். போக முடியாதவள் ஆவுடை. மெதுவாக ஊற்றினால் சவம் என்றும், வேகமாக ஊற்றினால் மூதி என்றும், சிந்தாமல் ஊற்றினால் "இன்னைக்கு என்ன அதிசயமா கை நடுங்கல?" என்றும் வடிவு சொல்லுவாள். ஆவுடை எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்பாள். வீட்டுக்குப் போய்க் கிணற்றில் வாளியை விடும்போது, காலையில் வாங்கிய பேச்சையெல்லாம் மெல்லிய குரலில் கிணற்றுக்குள் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் இறைப்பாள். அப்படிச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. நயினாரிடம் ஒருதரம் முறையிட்டபோது அவர், "விடும்மா, அவ கொணம் அப்படி" என்றார். மழை பெய்கிறது, விடும்மா என்கிற மாதிரி.

அந்தக் காலையில் நடந்தது இதுதான். ஆவுடை ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. முறுக்கு வியாபாரத்துக்கென்று வடக்கே போய்ப் பல வருசமாகத் தகவலில்லாத அவள் புருசனை சூரத்தில் வேறொரு குடும்பத்தோடு பார்த்ததாக முந்தின நாள் யாரோ வந்து சொல்லியிருந்தார்கள். கை தடுமாறி அளவுச்செம்பு சரிந்தது. வடிவு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "பாலையும் ஒழுங்கா ஊத்தத் தெரியல, கெட்டுன புருசனையும் ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்குட்டி ரெண்டு கை?" என்றாள்.

கேன்களுக்குள் ஏதோ நழுவுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நயினார் எட்டிப் பார்த்தார். வெள்ளை கட்டி கட்டியாக ஒதுங்க, பச்சைத் தண்ணீர் தனியாக நின்றது.

முதலில் மழையோடு வந்த இடியைக் குற்றம் சொன்னார்கள், பிறகு கேன் கழுவிய சோடாவை, பிறகு கண்திருஷ்டியை. சொசைட்டித் தலைவர் வீரபுத்திரன் விவரமானவர். மறுநாள் புதுக் கேன்களில் பால் ஊற்றி, ஊரிலுள்ள ஒவ்வொருவரையும் கேன் பக்கத்தில் நிறுத்திச் சத்தம் போடச் சொன்னார். ஆடு மேய்ப்பவன் கூப்பாடு போட்டான், ஒப்பாரி பாடுகிறவள் ஒப்பாரி பாடினாள். பால் பாலாகவே இருந்தது. கடைசியில் வடிவிடம் திரும்பி, "நீயும் ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றார். "என்னத்தச் சொல்ல?" என்றாள் வடிவு. அவ்வளவுதான், திரிந்துவிட்டது.

"வேற ஆளப் போட்டுர வேண்டியதுதான்" என்றார் தலைவர்.

வடிவு அப்போதுதான் முதல்முதலாகத் தன் கையால் தன் வாயைப் பொத்தினாள். புருசன் செத்த நாளிலிருந்து அந்த வேலையில்தான் அவள் ஒற்றை மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்திருந்தாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பேசினது ஆவுடை.

"அக்கா பேசாம இருந்தாப் போதும்லா. நம்பர விரல்ல காட்டட்டும். நான் சத்தமாச் சொல்லுதேன்."

அதைச் சொன்னது இரக்கத்தாலா, பழியாலா என்று ஆவுடைக்கே தெரியவில்லை. இரண்டும் ஒரே தொண்டை வழியாகத்தானே வருகின்றன.

அன்றிலிருந்து வடிவு நாக்குக்கு அடியில் ஒரு புளியங்கொட்டையை அடக்கிக்கொண்டு வேலைக்கு வந்தாள். ஆவுடை விரலைப் பார்த்து நம்பர் சொன்னாள். அந்த முதல் சில வாரங்கள், சொல்லப்போனால், ஆவுடையின் வாழ்க்கையிலேயே நல்ல வாரங்கள். பால் செம்பில் விழுகிற ஓசை எப்படி இருக்கும் என்று அவள் அப்போதுதான் கேட்டாள். கிணற்றடியில் சொல்ல ஒன்றுமில்லாமல், வெறுமனே தண்ணீர் இறைத்தாள்.

ஊரும் தன்னால் ஆனபடி அந்த விசயத்தோடு வாழப் பழகிக்கொண்டது. வடிவு தெருவில் வந்தால் டீக்கடைக்காரர் பால் சட்டியை மூடிவிட்டுக் கடுங்காப்பி போட்டார். பிரதோசத்தன்று பாலாபிஷேகம் முடிந்த பிறகு வரும்படி கோயிலில் பூசாரி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அடம்பிடிக்கிற பிள்ளைகளை, "வடிவு பெரியம்மையக் கூப்பிடட்டா?" என்று மிரட்டினார்கள். டவுன் மிட்டாய்க்கடைக்காரர் ஒருவர் ரசகுல்லாவுக்காகத் தன் பாலை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, "தாயீ, ஒரு வார்த்தை" என்று நின்றார். அவள் அவருக்குக் கொடுத்த பேச்சில் பாலும் திரிந்து, அவர் முகமும் திரிந்து, ஆனாலும் ரசகுல்லா பஞ்சாக வந்ததால் அந்த மாசம் முழுக்க வந்துகொண்டிருந்தார், பிறகு பால் திரிக்க ஒரு மெஷின் வாங்கிவிட்டார். ஜில்லாவிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்து, இதற்கு விதி எதுவும் இல்லை என்று சொல்லி, "அமைதி காக்கவும்" என்று ஒரு பலகையை மாட்டச் சொல்லிவிட்டுப் போனார். பலகையை மாட்டினார்கள். அதை வாசிக்கத்தான் வடிவுக்குத் தெரியாது. அவள் படித்தது மூன்றாம் வகுப்பு. எண் வரும், எழுத்து வராது.

பிறகு ஒரு பச்சை உடம்புக்காரி, கைப்பிள்ளையோடு தெருவில் எதிரே வந்தவள், வடிவு தும்முவதற்காக வாயைத் திறந்ததைப் பார்த்து மாராப்பைக் கெட்டியாகப் போர்த்திக்கொண்டு ஓடினாள். தாய்ப்பாலும் திரியுமா என்று யாருக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை, வடிவுக்கும்தான். அன்றிலிருந்து அவள் தெருவிலும் வீட்டிலும், தூங்கும்போதும்கூட, புளியங்கொட்டையைத் துப்பவில்லை.

மகள் சுகந்தியை விருதுநகர்ப் பக்கம் கொடுத்திருந்தாள். அதற்கு முன்னால் ஒருநாள் போனில் பேசியபோது அங்கே அடுப்பில் இருந்த பால் திரிந்ததாம். "இனிமே உங்க அம்மைய போன் போட வேண்டாம்னு சொல்லு" என்றார்களாம் அந்த வீட்டில். மகள் மாசமாக இருந்தாள். வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதுதானே முறை, அதையும் செய்யவில்லை.

இதெல்லாம் ஆவுடைக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை. அவள் பக்கத்தில் நின்றவள். வடிவின் முழங்கை முன்போல இடிக்கவில்லை. அது ஒதுங்கி ஒதுங்கி, சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றது. நம்பர் காட்டுகிற விரல்கள் மெலிந்திருந்தன. ஒருநாள் ஆவுடை வேண்டுமென்றே ஒரு செம்புப் பாலைக் கவிழ்த்துவிட்டு வடிவின் முகத்தைப் பார்த்தாள். வடிவு குனிந்து, துணியெடுத்து, ஒரு சத்தமும் இல்லாமல் தரையைத் துடைத்தாள். ஆவுடை அந்தத் துணியை அவள் கையிலிருந்து வாங்கி மீதியைத் தானே துடைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் வடிவு வீட்டுக்குப் போய், "எந்திரிங்கக்கா, ஒரு எடத்துக்குப் போவோம்" என்றாள்.

குளத்தையும் ரயில் பாதையையும் தாண்டினால் ஒரு கல்லுப்பொட்டல். ஆடு மாடு அங்கே மேயாது. போய் நின்றதும் வடிவு கையை நீட்டி ஓரத்தில் ஒரு எருக்கஞ்செடியைக் காட்டினாள். அதற்கும் பால் உண்டு, அதை ஏன் கெடுப்பானேன் என்று கேட்கிற மாதிரி. இன்னும் கொஞ்சம் நடந்தார்கள். உடைமரமும் கல்லும் மட்டும் உள்ள இடத்தில் வடிவு புளியங்கொட்டையைத் துப்பினாள்.

"சவத்து மூதி" என்றாள் முதல் வார்த்தையாக. "இந்த வெயில்லயா கூட்டிட்டு வருவாக? கூறு இருக்கா உனக்கு?"

அதற்குப் பிறகு மடை திறந்த மாதிரி வந்தது. வீரபுத்திரனை ஏசினாள், பூசாரியை ஏசினாள், செத்த புருசனை ஏசினாள், மாட்டு டாக்டரை, சம்பந்திக்காரியை, தக்காளி விற்கிறவனை ஏசினாள், நடுவில் மூச்சு வாங்கும்போதெல்லாம் ஆவுடையை ஏசினாள், "மத்தவளா இருந்தா அன்னைக்கே எம் மூஞ்சியில பால ஊத்தியிருப்பா, நீ சரிக்கா சரிக்கான்னு நிக்கே, வெளங்குவியாட்டி நீ" என்று அதற்கும் சேர்த்து ஏசினாள். ஆவுடை கல்லில் உட்கார்ந்து கேட்டாள். ஆச்சரியம், அது வலிக்கவில்லை. சாயங்காலப் பாலுக்கு நேரமானதும் வடிவு புதுப் புளியங்கொட்டை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். இருவரும் திரும்பி நடந்தார்கள். அதன்பின் எல்லாச் சனிக்கிழமையும் போனார்கள். ஊரார், "ஏச்சு வாங்கதுக்கு நடந்து போறாளே ஒருத்தி" என்று சிரித்தார்கள். அதையும் ஊர் பழகிக்கொண்டது.

மாசியில் சுகந்தி பிரசவமாகி, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தாய்வீட்டுக்கு வந்தாள். சம்பந்திக்காரிக்குக் கால் முறிந்து படுக்கையாகிவிட்டதால் வேறு வழியில்லாமல் அனுப்பினார்கள். பெண்குழந்தை. வடிவு வெந்நீர் வைத்தாள், பத்தியக்குழம்பு வைத்தாள், துணி அலசினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையைத் தொட்டில் கட்டி ஆட்டினாள். வாயைத் திறந்து ராராரோ சொல்லவில்லை.

சுகந்திக்கு எதுவோ ஆகிவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். தட்டில் வைத்த சோறு காய்ந்தது. குழந்தை அழுதால், அது வேறு யார் வீட்டிலோ அழுகிற மாதிரிப் படுத்திருந்தாள். பால் சரியாக ஊறவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்து, "தெம்பாப் பேசுங்க, சாப்பிட வைங்க" என்றாள். ஆவுடை எட்டிப் பார்த்தபோது சுகந்தி சொன்னாள், "எங்கம்மய ஒரு தடவ என்னை ஏசச் சொல்லுங்க சித்தி. எனக்கு இந்த வீட்டுல இருக்க மாதிரியே இல்ல."

வடிவு அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த கணம் ஆவுடையின் கையைப் பற்றித் தரதரவென்று பொட்டலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்று சனிக்கிழமைகூட இல்லை.

"போய்ச் சொல்லு" என்றாள் அங்கே. "எந்திரிச்சு உக்காரச் சொல்லு. ஈரத்தலையோட படுக்கக் கூடாதுன்னு சொல்லு. திங்காமக் கெடந்தா பிள்ளைக்கு எங்கேருந்து ஊறும்னு கேளு. நான் ஏசுனதா சொல்லு."

ஆவுடை போய் அப்படியே சொன்னாள். "ஈரத்தலையோட படுக்கக் கூடாதாம்மா. சாப்பிடணுமாம். அம்மா ஏசுனாங்க" என்று மெதுவாக, தலையைத் தடவிக்கொண்டே. சுகந்தி சுவர்ப் பக்கமே திரும்பியிருந்தாள். "இது எங்கம்ம பேச்சே இல்ல" என்றாள்.

மறுபடி பொட்டல்.

"நீ எப்படிச் சொன்ன, சொல்லிக்காட்டு" என்றாள் வடிவு. ஆவுடை சொல்லிக்காட்டினாள். "சீ, கோயில்ல துண்ணூறு வாங்குத மாதிரி இருக்கு. அடிவயித்துல இருந்து வரணும்ட்டி. ஏசு. என்னை ஏசு பாப்போம்."

"உங்களையா?"

"இங்க வேற யாரு நிக்கா?"

ஆவுடை வாயைத் திறந்தாள். "என்னக்கா இப்படிப் பண்ணுதீங்க" என்று வந்தது. வடிவு தலையில் அடித்துக்கொண்டாள். "சவமே, உனக்கு ஏசக்கூடத் தெரியாமத்தான் அவன் சூரத்துல போய் உக்காந்திருக்கான்."

அப்போது ஆவுடைக்குள் ஏதோ ஒன்று மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது.

"ஏ வடிவு!" என்றாள். அக்கா என்பது விழுந்துவிட்டது. "நிறுத்து. உன் வாய்க்கு ஒரு கேடு வந்தும் நீ திருந்தல பாத்தியா? எம் புருசன் போனான், ஊருக்கே தெரியும், அத நீ கேன் பக்கத்துல நின்னு கூவணுமா? அன்னைக்கு நான் ராத்திரியெல்லாம் தூங்காம வந்து நின்னேன். உன் முழங்கை எம் முழங்கையில இடிச்சிச்சு, அம்புட்டுப் பக்கம். அம்புட்டுப் பக்கத்துல நின்னு, ஏன்ட்டி உன் கண்ணு செவந்திருக்குன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கேட்டியா நீ? நானும் மனுசிதான? எனக்கும் ஒரு அக்கா இருக்கான்னு நெனச்சிதான ஒவ்வொரு நாளும் அக்கா அக்கான்னேன்? நீ பேசுன பேச்செல்லாம் எங்க கெணத்துக்குள்ள கெடக்குடி, அந்தத் தண்ணியத்தான் நான் குடிக்கேன்!"

பொட்டலில் காற்று நின்றிருந்தது. வடிவு அசையாமல், அடி வாங்குகிறவளாகவும் இல்லாமல், அடிக்கிறவளாகவும் இல்லாமல் நின்றாள். பிறகு மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இதான்" என்றாள். "இந்தத் தொண்டைதான். மறந்துராத. வா, பிள்ளை பட்டினியாக் கெடக்கா."

ஆவுடை வாசலிலிருந்தே ஆரம்பித்தாள். "ஏட்டி சுகந்தி! எந்திரிட்டி மூதி! படுக்கையப் பாரு, மகாராணி வீட்டுப் படுக்க! ஈரத்தலையோட கெடந்து சன்னி வந்து சாகப்போறியா? பிள்ள தொண்ட கிழியக் கத்துது, உனக்குக் காது அவிஞ்சா போச்சு? சோத்த அள்ளித் தின்னுட்டி, தின்னாம எந்திரிச்ச, காலு ரெண்டையும் ஒடிச்சிருவேன்!"

சுகந்தி துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு வந்தது. "அம்மா..." என்று கேவினாள். தட்டை இழுத்து, அழுதுகொண்டே, இரண்டு கையாலும் அள்ளித் தின்றாள். தின்று முடித்து, குழந்தையை எடுத்து மடியில் போட்டு, மாராப்பை விலக்கினாள். கொஞ்ச நேரத்தில் வீட்டில் குழந்தை பால் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அடுக்களைக்குள் வடிவு தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் குரல்தான், ஆனால் வெளியிலிருந்து அவள்மேல் வந்து விழுந்தது. எதிரே நிற்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று அவள் அன்றுவரை கேட்டதில்லை. ஆவுடை திரும்பிப் பார்த்தபோது வடிவின் முகம் கழுவிய கல் மாதிரி இருந்தது.

அப்புறம் தினமும் காலைப் பால் முடிந்ததும் ஆவுடை வந்து வாசலில் நின்று ஏசினாள். சுகந்தி தின்றாள், சிரித்தாள், எதிர்த்துப் பேசினாள். ஆவுடைக்கு ஏச்சு சரளமாக வந்தது; ஏசிவிட்டு வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள். வடிவு மட்டும் பொட்டலுக்குக் கூப்பிட்டால் பிள்ளையைக் காட்டி, வேலையைக் காட்டி, வரவில்லை என்று கையசைத்தாள்.

சித்திரையில் மாப்பிள்ளை வந்து கூட்டிப் போனான். வண்டி ஏறும்போது சுகந்தி, "போன்ல எப்பவாச்சும் ஏசுங்க சித்தி" என்றாள். வடிவு பேத்தியை வாங்கி, முகத்தருகே தூக்கி, மோந்து பார்த்து, ஒரு சத்தமும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஆவுடை அவளைப் பொட்டலுக்குக் கூட்டிப் போனாள். எருக்கஞ்செடியைத் தாண்டி, வழக்கமான கல்லில் உட்கார்ந்தார்கள். வடிவு புளியங்கொட்டையைத் துப்பினாள். வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமினாள், செருமல் சத்தமும் வரவில்லை. மறுபடி முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் வந்தது. குரல் இல்லை.

பின்னால் இது ஊருக்குத் தெரிந்தபோது எல்லாரும் நல்லதாகப் போயிற்று என்றார்கள். டீக்கடைக்காரர் அவள் வரும்போது பால் சட்டியை மூடுவதை விட்டார், பூசாரி பாலாபிஷேகத்துக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார், தலைவர் அந்தப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார். அதெல்லாம் பின்னால்.

அன்று பொட்டலில் ஆவுடை, "நான் ஏசுனதாலயாக்கா?" என்றாள். "நான் உங்க தொண்டைய எடுத்துக்கிட்டனா?" வடிவு இல்லையென்றும் ஆட்டவில்லை, ஆமென்றும் ஆட்டவில்லை. "அன்னைக்கு மனசுல இருந்ததக் கொட்டிட்டேன். நீங்க அதுக்குத் திருப்பி ஒண்ணும் சொல்லலியே. அடுத்த சனிக்கிழமை கேட்டுக்கிடலாம்னு இருந்தேன். எதுக்குக்கா அத்தன வருசமும் என்னை அப்படி ஏசுனீங்க? ஏதாவது சொல்லுங்க. சவம்னாவது சொல்லுங்க."

வடிவு உட்கார்ந்த இடத்திலேயே ஆவுடைக்கு நேராகத் திரும்பி, அவள் இரண்டு கைகளையும் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டு, உதடுகளை அசைக்கத் தொடங்கினாள். அவசரமில்லாமல், ஆதியிலிருந்து ஒரு கதையைச் சொல்கிறவள் மாதிரி. நடுவில் நிறுத்தினாள், எதையோ நினைத்துத் தலையாட்டினாள், மறுபடி சொன்னாள். வடிவின் விரலை வைத்து நம்பரும், கண்ணை வைத்துக் கோபமும் தெரிந்துகொண்ட ஆவுடைக்கு, அந்த உதடுகளில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. அது ஏச்சா, மன்னிப்பா, மகளைப் பற்றியா, புருசனைப் பற்றியா என்று தெரியவில்லை. வடிவோ அவள் முகத்தையே பார்த்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

தெரியவில்லை என்று சொல்ல ஆவுடைக்கு மனம் வரவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள்.

"உம்" என்றாள் ஆவுடை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கையில்லாமல், தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, "உம், பெறகு?" என்றாள். உதடுகள் அசைந்தன. "உம்" என்றாள். வெயில் தாழ்ந்து, சாயங்காலப் பால் நேரமும் கடந்து, ஊரில் கேன்கள் காத்துக்கிடக்க, அவள் உம் கொட்டிக்கொண்டே இருந்தாள்.